மாதனூர்ப் புறாக் கிணறு

அமிர்தவள்ளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், "எச்சம் பொறுக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் காரியத்தைப் பார்ப்பாள். கேட்டவர் மூக்கைச் சுளித்தால் சுளிக்கட்டும். ஆம்பூரில் தோல் வேலை தெரிந்த எவரும் சுளித்ததில்லை.

ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் கழித்து எடுத்தால் அது உப்பி, விறைத்துப்போய் நிற்கும். அந்த விறைப்போடு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டால் பட்டையின் சாறு சரியாக உள்ளே இறங்காது. காய்ந்த பிறகு தோல் துணிபோல மடங்காமல் அட்டைபோல முறியும். அதனால் சுண்ணாம்புக்கும் பட்டைக்கும் நடுவே, புறா எச்சம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் தோலைப் போட்டு வைப்பார்கள். விறைப்பு இறங்கிவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்க வேண்டும். குழி எழும்பிவிட்டால் இன்னும் ஊற வேண்டும். அந்தத் தொட்டிக்கு வேண்டிய எச்சத்தைக் கோணியில் கட்டிக்கொண்டு வருவதுதான் அமிர்தவள்ளியின் வேலை.

நாட்றம்பள்ளிப் பக்கத்தில் பிறந்தவள். ஆம்பூர்த் தோல் கிடங்கு ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்யும் கோவிந்தசாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் வந்த கொஞ்ச காலத்தில், அதுவரை கிடங்குக்கு எச்சம் கொண்டுவந்தவர் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். கிடங்கின் மேஸ்திரி இஷ்தியாக் அகமது, "உன் ஊட்டுக்காரி கொண்டாருவாளா?" என்று கோவிந்தசாமியைக் கேட்டார். அவள் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

எச்சம் என்றால் எச்சம்தானே என்று அன்று நினைத்திருந்தாள். பாலாற்றங்கரைப் புளியமரத்தடியில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்ததை இரண்டு கோணி வாரிக்கொண்டு வந்து கொட்டினாள். அது கொக்கும் மடையானும் அடையும் மரம். மீனும் தவளையும் தின்னும் பறவையின் எச்சம் எரிச்சல் பிடித்தது. அந்தத் தொட்டியில் போட்ட தோலெல்லாம் புள்ளி புள்ளியாகக் குழிந்து வந்தது.

"இன்னா வள்ளிம்மா, தோலுக்கு அம்மை போட்டுட்டியே" என்றார் மேஸ்திரி. அவர் அதோடு விட்டுவிட்டார். ஆனால் அந்த வாரம் முழுக்கக் கிடங்கில் அவளைப் பார்த்தவர்களெல்லாம் அம்மைக்கு வேப்பிலை கட்டச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக் கொல்லையில் சட்டிகளை வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு சட்டியிலும் ஒவ்வோர் இடத்து எச்சத்தைக் கரைத்து, கிடங்கில் வெட்டி எறிந்த தோல் துண்டைப் போட்டு, காலையும் மாலையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கோவிந்தசாமி அந்தப் பக்கம் வந்தால் மூக்கைத் துண்டால் பொத்திக்கொள்வான். "ஊர்ல பொம்பளைங்க கொழம்பு வெக்கறாங்க. எனக்கு வாச்சது எச்சத்த வகவகயா வெக்குது" என்பான்.

"நீ நாள் முச்சூடும் சுண்ணாம்புல நிக்கற கால மோந்து பாருய்யா, அப்பறம் பேசு" என்பாள் அவள்.

ஆலமரத்தடி எச்சம் உதவவில்லை. பச்சைப்புறாவும் குயிலும் ஆலம்பழம் தின்று போடுவது தோலில் கறையாக ஏறியது. காக்கை எச்சம் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்கவில்லை. கண்டதையும் தின்கிற ஜாதி. மாடப்புறா எச்சம் மட்டும் எந்தச் சட்டியிலும் ஏமாற்றவில்லை. அது தானியத்தைத் தவிர வேறொன்றையும் தொடுவது அபூர்வம். மணிப்புறாவும் தானியம் தின்கிறதுதான், ஆனால் ஜோடி ஜோடியாகத் தனித்தனியே அடைவதால் அதன் எச்சத்தை வாரிச் சேர்க்க முடியாது.

இப்படியாக, எந்த மரத்தில் எந்தக் கிளையில் யார் உட்காருகிறார் என்று பார்க்காமல் அவள் ஒரு பிடி எச்சமும் எடுப்பதில்லை என்றானது. பறவைகளை அவள் அறிந்துகொண்டது அந்த வழியில்தான். தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் தலையைத் தூக்கி மேலே பார்ப்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். பெரும்பாலும் சரியாக இருந்ததுதான் பின்னால் அவளைத் தடுக்கி விழவைத்தது.

மாதனூரில் சின்னசாமிக் கவுண்டரின் புன்செய்க் கொல்லை ஓரத்தில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. ஊற்று அடைத்துப்போய் வெகுநாளாயிற்று. குடிக்கிற கிணறாக இருந்திருந்தால் அமிர்தவள்ளியை அண்டவிட்டிருக்க மாட்டார்கள். உள்சுவரில் கல் பெயர்ந்த பொந்துகள் தோறும் மாடப்புறாக்கள் கூடு வைத்திருந்தன. மழைத்தண்ணீர் அதிகம் இறங்காமல் ஓர் இச்சிமரம் கவிந்திருந்ததால் எச்சம் காய்ந்து, பொடியாக, மண் கலக்காமல் கிடைக்கும். ஆம்பூரைச் சுற்றி அவள் அலைந்து சேர்க்கிற எச்சத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு கிணற்றிலிருந்துதான் வந்தது. மாதத்துக்கு இரண்டு தடவை படிக்கல் வழியாக இறங்கி வாரிக்கொண்டு போவாள். கவுண்டர் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

சீமையில் ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். ஆடி மாதம் ஒரு நாள் காலையில் அவள் கிணற்றங்கரைக்குப் போனபோது, சின்னசாமி ஒரு பெரிய வலையைத் தரையில் விரித்து அறுந்த கண்களை முடிந்துகொண்டிருந்தார்.

"வா வள்ளி. இன்னிக்குக் கடைசியா வாரிக்கினு போ. நாளைக்கு சாயங்காலம் கெணத்து வாய்ல வலையப் போட்டு மூடறேன். உள்ள இருக்கறது அத்தினியும் கறிக்கு."

"இன்னாத்துக்குங்க கவுண்டரே?"

"இன்னாத்துக்கா? தொவர வெதச்சேன். மொதல்ல வெதச்சதுல மொளச்சதே கம்மி. மறுபடி வெதைக்கலாம்னு வெத எடுத்து வெச்சிருக்கேன். உன் புறாவ ஒழிச்சாத்தான் கொல்லைல கைய வெப்பேன்."

"என் புறாவா?"

"பின்ன யாருது? நீதானே வந்து வந்து குண்டி கழுவி உடறே."

அவள் சிரிக்கவில்லை. கிணற்றுக்குள் இறங்கி ஒரு கை எச்சத்தை வாரிக்கொண்டு மேலே வந்தாள். உள்ளங்கையில் பரப்பி அவருக்குக் காட்டினாள்.

"பாருங்க. கொண்டைக்குருவி பழம் தின்னா எச்சத்துல கொட்ட வரும். காக்கா வேப்பம்பழம் தின்னா கொட்ட வரும். இது தொவர தின்னா ஒரு தோலாவது வரணுமா இல்லயா? இத்தினி வருசமா வாரறேன். ஒரு தொவரத் தோலுகூட நான் பாத்ததில்ல. உங்க தொவரய வேற எதுவோ திங்குது."

சின்னசாமி உள்ளங்கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "எச்சத்துல ஜோசியம் பாக்கறியா?" என்று சொல்லிவிட்டு மறுபடி வலைக்கண்ணை முடியத் தொடங்கினார்.

அவள் எச்சத்தை வாரிக் கட்டவில்லை. நேராக மாதனூர்ச் சாவடிக்குப் போனாள். ஊர் மணியக்காரர் வேலாயுதம் அங்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். காட்டுப் பறவைகளைக் காப்பாற்றச் சர்க்கார் போட்ட சட்டத்தைத் தமுக்கடித்துச் சொன்னவர் அவர்தான். இறகுக்காகக் கொக்கு, மீன்கொத்தி, பனங்காடை இவற்றைக் கொல்லக்கூடாது. கௌதாரி, காடை, புறா இவற்றைக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பிடிக்கக்கூடாது. ஆவணி முடிகிறவரை அந்தத் தடை இருந்தது. தடை புறாவுக்கும் உண்டுதானே என்று கேட்டாள்.

"உண்டு" என்றார் வேலாயுதம். "ஆனா பயிரக் காப்பாத்தப் பிடிச்சா குத்தமில்லன்னும் போட்டிருக்கான். புறா வெதய தின்னுதுன்னு கவுண்டர் சொன்னா நான் தடுக்க முடியாது."

"திங்கலன்னா?"

"திங்கலன்னா வலை போட்டது குத்தம். திங்குதா திங்கலயான்னு நான் போயி புறாவையா கேக்க முடியும்?"

"கேக்க வேணாங்க. ஒண்ணப் பிடிச்சு வயித்த அறுத்துப் பாத்துட்டா போச்சு" என்றாள் அமிர்தவள்ளி. "தொவர இருந்தா வலை போட்டுக்கட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வேலாயுதத்துக்கு அது நியாயமாகப் பட்டது. சின்னசாமிக்கும் ஆள் அனுப்பிச் சொல்லி ஒப்புதல் வாங்கினார்.

வீடு திரும்பும் வழியில் அவளுக்குக் கவலையே இல்லை. கிடங்கில் இஷ்தியாக் அகமதுவிடம் சொன்னபோது அவர்தான் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அந்தக் கிணறு போனால் ஆட்டுத்தோல் தொட்டிக்கு எச்சம் போதாது. போதாத எச்சத்தில் ஊறிய தோலைச் சென்னைக்கு அனுப்பினால் திரும்பி வரும். எச்சம் கொண்டுவர முடியாதவளை வைத்துக்கொள்ளக் கிடங்கில் வேறு வேலை கிடையாது. இரண்டு பேருக்கும் இது தெரியும்.

"நிச்சயமா தெரியுமா உனக்கு?" என்றார்.

"தெரியும் பாய்."

"சரி, நானும் வர்றேன். அறுக்கறத நான் அறுக்கறேன், கறிக்காவது ஆவும். நல்ல பட்சிய வீணா சாவடிச்சா பாவம்."

மறுநாள் சாயங்காலம், மேய்ந்துவிட்டுக் கிணற்றுக்குத் திரும்பிய புறாக்களில் ஒன்றைச் சின்னசாமி கைவலையால் பிடித்தார். மாடப்புறாதான்; சாம்பல் உடம்பு, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில் பச்சையும் ஊதாவும் பளபளத்தது. இஷ்தியாக் அகமது முறைப்படி பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். வேலாயுதம் துண்டைத் தரையில் விரித்தார். வயிற்றைப் பிரிக்கிற வேலையை அமிர்தவள்ளியிடம் விட்டார்கள். நாள் முழுக்க எச்சம் வாருகிறவள்; இதற்குக் கூசாத கை.

கழுத்துக்குக் கீழே இருக்கிற தீனிப்பையைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரலுக்கடியில் மணிமணியாக உருண்டது. அவள் மற்ற இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குந்தியிருந்த மேஸ்திரி மட்டும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்தது.

"எல்லாத்தயும் கொட்டணும்னு இல்லம்மா" என்று உதடு அசையாமல் சொன்னார்.

அவள் கொஞ்ச நேரம் பையைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு துண்டின் நடுவில் வைத்து நீளவாக்கில் கீறினாள். முழுத் துவரை. ஒன்றன்மேல் ஒன்றாக, உடையாமல், ஈரமாக விழுந்தது. நடுநடுவே புல் விதை கொஞ்சம். ஆடி மாதத்தில் துவரை எந்தக் களத்திலும் கிடக்காது. விதைத்த கொல்லையைத் தவிர அது வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது.

"தின்னுது" என்றாள். "நான் சொன்னது தப்பு."

சின்னசாமி துண்டுக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "ஜோசியம் பொய்யாப் போச்சே" என்றார். ஆனால் அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. தீனிப்பைக்குக் கீழே, உள்ளே கெட்டியாக இருக்கும் இன்னொரு பையைக் கீறிக்கொண்டிருந்தாள். அதற்குள்ளே பொடிப்பொடிக் கல், கல்லுக்கு நடுவே அரைத்த சட்னிபோல மாவு. விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். தோல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

"கல்லப் போட்டு அரைச்சுடுது பாய்" என்று மேஸ்திரியிடம் சொன்னாள். "அதான் கீழ ஒண்ணும் வரல. நான் கீழயே பாத்துனு இருந்துட்டேன்."

மேஸ்திரி அந்த மாவைக் குனிந்து பார்த்தார். கத்தியைத் துடைத்து உறையில் போட்டார்.

சின்னசாமி வலையை எடுக்கத் திரும்பினார். அமிர்தவள்ளி துண்டின்மேல் கிடந்த துவரையை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே, "கவுண்டரே, இதுல ஒண்ணுகூட மொள கட்டல பாருங்க" என்றாள். "வெதச்சு அஞ்சாறு நாளாச்சு, மழயும் பேஞ்சிருக்குது. மண்ணுக்குள்ள இருந்தா மொள கட்டியிருக்கும். மேல கெடந்தத பொறுக்கியிருக்குது. புறா காலால கீறாது. கோழி மாதிரி கீறி எடுக்கற ஜாதி இல்ல அது."

"வாயத் தொறக்க மாட்டேன்னு மணியக்காரர்கிட்ட சொன்னியாமே" என்றார் சின்னசாமி.

"வலை போடாதீங்கன்னு நான் சொல்லலயே. மறுபடி வெதைக்கறப்ப பலகை இழுத்து நல்லா மூடுங்க. மூடினது போக மேல கெடக்கறதுக்கு நான் காவல் இருக்கேன். மொளச்சு ரெண்டு எல உட்டுட்டா அப்பறம் புறா சீந்தாது. அதுக்குள்ள உங்க வெத போச்சுன்னா, நானே வந்து வலையோட ஒரு முனையப் பிடிக்கறேன்."

சின்னசாமி வேலாயுதத்தைப் பார்த்தார். வேலாயுதம் துண்டை உதறிக்கொண்டே, "வெரட்டிப் பாக்காமயே வலை போட்டா, பயிரக் காப்பாத்தத்தான் போட்டேன்னு எழுதறதுக்கு எனக்கும் கொஞ்சம் கஷ்டம் கவுண்டரே" என்றார்.

"கூலி?"

"வேணாம். கெணறு இருந்தா போதும்."

வலை சுருட்டப்பட்டது. ஆனால் கவுண்டர் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கிணற்றுச் சுவர்மேலேயே வைத்து ஒரு கல்லையும் தூக்கி வைத்தார்.

மறுவிதைப்பு நடந்த அன்றிலிருந்து அமிர்தவள்ளி விடிந்ததும் கொல்லைக்கு வந்துவிடுவாள். ஒரு கையில் தகர டப்பா, மடியில் மண்ணாங்கட்டி. கிணற்றிலிருந்து புறாக் கூட்டம் சடசடவென்று எழும்பிக் கொல்லையில் இறங்கும். டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடுவாள். எதன் எச்சத்தை நம்பிப் பிழைக்கிறாளோ அதன்மேல் மண்ணாங்கட்டியை விட்டெறிவாள். காக்கைகளையும் விரட்டினாள். மைனா, கொண்டலாத்தி, கரிச்சான் இவற்றை விட்டுவிட்டாள்.

இது சின்னசாமிக்குப் பிடிக்கவில்லை. "மைனா கும்பலா எறங்கிக் கீது. நீ சும்மா குந்திக்கினு கீற?"

"அது புழு திங்குது கவுண்டரே."

"போன வாரம் புறா தொவர திங்காதுன்னும் நீதான் சொன்னே."

"அதனாலதான் காலைலேர்ந்து அதுங்க வாயவே பாத்துனு இருக்கேன். நீங்களும் வந்து குந்திப் பாருங்க."

அவர் உண்மையிலேயே வந்து வரப்பில் உட்கார்ந்தார். மைனா கட்டியைப் புரட்டி வெள்ளைப் புழுவை இழுத்தெடுத்து விழுங்குவதைப் பார்த்தார். இன்னொன்றும் அதையே செய்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. நாலைந்து நாள் போனதும், காவல் முடித்து எச்சம் வார அவள் கிணற்றில் ஒரு கால் வைத்தாள். முன்பெல்லாம் அவள் இறங்கினால் ஓரிரண்டு புறா பறக்கும், மற்றவை பொந்திலிருந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். அன்று ஒன்று விடாமல் மொத்தக் கூட்டமும் வெடித்துக் கிளம்பிப் போயிற்று. முட்டைமேல் உட்கார்ந்திருந்தவைகூடப் போய்விட்டன. அவள் மேலே ஏறி ஒதுங்கி நின்று பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெரிகிறவரை ஒன்றும் திரும்பவில்லை. மறுபடி இறங்கி ஒரு பொந்தில் கையை விட்டுத் தொட்டுப் பார்த்த முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

கொல்லையில் டப்பா தட்டுகிறவள் யார் என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. வலை போடாமலே கிணறு காலியாகிவிடும்போல இருந்தது.

அன்று வீட்டில் கோவிந்தசாமியிடம் அவனுடைய முண்டாசுத் துணியையும் கறுப்புக் கம்பளியையும் கேட்டாள்.

"எதுக்கு?"

"என்ன அடையாளம் கண்டுக்கிச்சுங்க. கொல்லைக்கு உன்னமாதிரி போறேன். கெணத்துக்கு என்னமாதிரி போறேன்."

"அப்ப திட்டு எனக்கு, எச்சம் உனக்கா?" என்றான் கோவிந்தசாமி. "முண்டாசக் கட்டிக்கினு அப்படியே தொட்டிக்கும் நீயே எறங்கிடு. நான் ஊட்ல படுத்துக்கறேன்."

மறுநாள் முதல் முண்டாசு கட்டி, கம்பளியைத் தோள் மறையப் போர்த்திக்கொண்டு காவல் இருந்தாள். ஆடிக் காற்றில் கம்பளி பறந்தது. பாதையில் போன பெண்கள் நின்று பார்த்துவிட்டு, "யாருடி அந்தப் புது ஆளு? கவுண்டர் காவலுக்கு மீசையில்லாதவனா பாத்து வெச்சிருக்காரே" என்று பேசிக்கொண்டு போனார்கள். அவள் காதில் விழுந்தது. டப்பாவை இன்னும் பலமாகத் தட்டினாள். கிணற்றுப் பக்கம் மட்டும் சில நாள் போகவே இல்லை. பிறகு ஒரு மதியம், தன் பழைய சிவப்புச் சேலையோடு, கையில் டப்பா இல்லாமல், மெதுவாகக் கிணற்றங்கரைக்குப் போய் நின்றாள். சில புறாக்கள் எழும்பின. சில உட்கார்ந்தே இருந்தன. இறங்காமல் திரும்பிவிட்டாள். அடுத்த நாள் இரண்டு படி இறங்கினாள். ஆறிப்போன முட்டைகள் சில கெட்டுத்தான் போயின. ஆனால் பொந்துகளில் மறுபடி குமுறல் சத்தம் கேட்டது.

துவரை முளைத்து இலை விட்டது. சின்னசாமி வரப்பு வரப்பாக நடந்து பார்த்தார். அமிர்தவள்ளி பின்னாலேயே நடந்தாள். முண்டாசு இன்னும் தலையில்தான் இருந்தது. வேலியோரத்தில் ஓரிடத்தில் அவர் நின்றார். பாய் விரிக்கிற அளவுக்கு அங்கே பயிர் இல்லை.

"இங்க பாரு, சொட்ட. இதுக்கு இன்னா சொல்றே?"

அவள் குந்தி மண்ணைப் பார்த்தாள். மண் இரண்டு பக்கமும் கீறித் தள்ளியிருந்தது. பக்கத்தில் மூன்று விரல் பதிந்த தடம். ஒரு சின்ன இறகு, வரிவரியாக. இந்தத் தடவை எச்சத்தைத் தேடவில்லை. இறகையும் தடத்தையும் காட்டினாள்.

"கௌதாரிங்க. கீறி எடுத்திருக்குது. வேலிக்குள்ள குஞ்சு வெச்சிருக்கும்."

"கௌதாரிய இன்னா பண்றது?"

"அதுக்கு நான் பொறுப்பில்ல கவுண்டரே. நான் புறாவுக்குத்தான் ஜாமீன்."

சின்னசாமி வேலியையும் கொல்லையையும் மாறி மாறிப் பார்த்தார். சொட்டை அந்த ஒரு மூலைதான். பிறகு கிணற்றங்கரைக்குப் போய்க் கல்லைத் தள்ளிவிட்டு, வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கார்த்திகைல கொள்ளு வெதைப்பேன்" என்றார் போகிறபோக்கில். "அதுக்கும் அந்த மீசையில்லாத ஆள வரச்சொல்லு."

அமிர்தவள்ளி அவர் கண் மறைகிறவரை காத்திருந்தாள். பிறகு முண்டாசை அவிழ்த்துக் கம்பளிக்குள் சுருட்டி மரத்தடியில் வைத்துவிட்டு, கோணியை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினாள்.